பழைய படம் பிரிண்ட் போட்டு பிரேம் அடிக்கிற டவுன் கடை: அஞ்சுக்கு நாலு

முதல்ல ஒண்டு சொல்லிடுறன், கடைட பேர் இதுல போடல்ல. நல்லதும் எழுதப்போறன் குறையும் எழுதப்போறன், குறை எழுதினா பேர் போடாத எண்டு அம்மா ஒரே சொல்லு, கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்ச ஆள் வேற. மட்டக்களப்பு டவுன்ல இறங்கி பழைய படம் செய்யிற நானாட (முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானா எண்டுதான் கூப்பிடுறது) கடை எங்க எண்டு கேளுங்க, யாராவது காட்டிவிடுவாங்க.

விசயம் என்னண்டா, கல்லடியில கடற்கரைக்குப் போற ரோட்டுல நானும் தங்கச்சியும் சேர்ந்து சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை தொறந்தம். காலையில இடியப்பம் பிட்டு, பின்னேரம் டீயும் ரோல்ஸும். சுவர் சும்மா வெள்ளையா கிடக்கு, சரி டவுன்ட பழைய படம் ஒரு பத்து பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டுவம் எண்டு நெனச்சம். தேடினா வாறது அதே நாலு படம்தான். கோட்டை வாசல், கல்லடிப் பாலம், வெளிச்சவீடு, திரும்பவும் கல்லடிப் பாலம். அதுவும் போன்ல பாக்கிற அளவுக்குத்தான் இரிக்கி, பெரிசாக்கினா கட்டம் கட்டமா உடையுது.

இத அக்காட்ட போன்ல சொல்லிப் புலம்பினன். அக்காவும் அத்தானும் அமெரிக்காவில செயின்ட் லூயிஸ் எண்ட ஊர்ல இரிக்காங்க, மிசிசிப்பி ஆத்தங்கரை. அக்கா சொன்னா, "எங்கட ஊர்ட பழைய படம் வேணுமெண்டா அள்ளித் தாறன், இஞ்ச ஒரு செங்கல் உடைக்கிறதுக்கு முதல் மூண்டு படம் எடுத்து வச்சிரிக்கானுகள்" எண்டு. மட்டக்களப்பு சாப்பாட்டுக்கடையில அமெரிக்காப் படமா எண்டு சிரிச்சம். ரெண்டு நாளைக்குப் பொறகு அவ அனுப்பினத தொறந்து பாத்த தங்கச்சி சிரிக்கல்ல, வாய மூடிட்டு ஒரு மணித்தியாலம் பாத்துக்கிட்டே இரிந்தா.

அதெல்லாம் அனேகமா அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துட ஒன்லைன் சேகரிப்புல இரிக்கிறது. 1933ல தொடங்கின திட்டம் ஒண்டு, நாட்டுல இரிக்கிற பழைய கட்டடங்கள அளந்து கீறி படமெடுத்து வைக்கிறதுக்கு. காசு இல்ல, பாஸ்வேர்ட் இல்ல, பெரிய டிஃப் பைலா அப்பிடியே இறக்கலாம். எங்கட வீட்டு டேட்டாவுக்கு அது ஒரு படம் இறங்கவே ஒரு டீ போட்டுக் குடிக்கலாம், அது வேற கதை. ஆனா பெரிசாக்கினா பெரிசாகிட்டே போகுது, கடைக்கு முன்னால எழுதி வச்ச விலை கூட வாசிக்கலாம்.

சரி, கடைக்கு வாறன். பென் டிரைவ்ல போட்டுக்கொண்டு போனன், பத்துப் படம். நானா முதல்ல கேட்டது விலை இல்ல, "எங்க மாட்டப்போற தங்கச்சி?" எண்டு. கல்லடி, கடலுக்குக் கிட்ட எண்டன். உடன குளோசி பேப்பர தள்ளி வச்சிட்டார். "மேட்ல போடு, குளோசிண்டா டியூப் லைட்டுதான் தெரியும், படம் தெரியாது." மறுகா பிரேமுக்கு மலிவான மரச்சட்டம் ஒண்ட நான் காட்ட, அது கறையானுக்குச் சோறு எண்டு தேக்கு ஒண்ட எடுத்தார், பின்னுக்கு அடிக்கிற ஆணியும் உப்புக்காத்துல துருப்பிடிக்காததா பாத்து அடிப்பன் எண்டார். படம் கண்ணாடியில ஒட்டக்கூடாது எண்டு சுத்திவர மவுண்ட் அட்டை, பிரேமுட பின்பக்கம் நாலு மூலைக்கும் தக்கைத் துண்டு, சுவர் ஈரம் ஏறாம காத்துப் போறதுக்கு. இதெல்லாம் நான் கேட்கவே இல்ல. ஒரு கடைக்குப் போய் கூட காசு வேலைய தலையில கட்டுறாங்களோ எண்டு எனக்கு எப்பவும் சந்தேகம் வரும், இவர் தேவையில்லாத லாமினேட்ட "வேணாம், அது படத்த மூச்சுமுட்ட வச்சிரும்" எண்டு அவராவே குறைச்சிட்டார்.

விலை: 12க்கு 18 அங்குலம் ஆறு படம், பிரிண்ட் 1,400, பிரேம் கண்ணாடியோட 3,200. சின்னது 8க்கு 12 நாலு, பிரிண்ட் 700, பிரேம் 1,900. எல்லாம் சேத்து 38,000 வந்திச்சி, கதைச்சி 36,000க்கு வந்தார். மலிவு எண்டு சொல்ல மாட்டன். ஆனா பிரேம் அடிச்ச விதத்தப் பாத்தா அழுத காசு இல்ல.

இப்ப குறை. ஒரு கிழமையில தாறன் எண்டவர் மூண்டு கிழமை எடுத்தார். போன் எடுத்தா எடுக்கமாட்டார், எடுத்தா "நாளைக்கி தங்கச்சி". இது எல்லாக் கடையிலயும் நடக்கிறதுதான், விடுவம். பெரிய குறை வேற.

பத்துல ஒரு படம், 1869 அளவுல எடுத்தது. ஈஸ்டர்லி எண்ட ஆள் டகேரோடைப்புல எடுத்தது, வெள்ளி பூசின செப்புத் தகட்டுல படம் விழுற அந்தக் காலத்து முறை. அந்த ஊர்ல ஐரோப்பியன் வாறதுக்கு எத்தனையோ நூறு வருசத்துக்கு முதல் அங்கத்தய ஆதிச் சனம் கட்டின பெரிய மண்மேடு ஒண்டு இரிந்திரிக்கி. இப்பிடி நிறைய மேடு இரிந்ததாலதான் செயின்ட் லூயிஸுக்கு மேட்டு நகரம் எண்டு பட்டப்பேர் கூட. அந்தப் பெரிய மேட்ட ரெயில் பாதைக்கு மண் வேணும் எண்டு கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்திரிக்காங்க, இந்த மனுசன் அது கரைஞ்சி போறத வரிசையா படமெடுத்திரிக்கார். கடைசியா ஒரு மண்கூம்பு மாதிரி மிச்சம் நிக்கிது, அதுல பொட்டுப் பொட்டா ஆக்கள் நிக்கிறாங்க. அந்தப் பொட்டு இரிக்கிறதாலதான் மேடு எவ்வளவு பெரிசெண்டு விளங்கும்.

எங்கட படத்துல ஆக்கள் இல்ல. பிரேம் அடிச்சி, கண்ணாடி போட்டு, சோக்கா இரிக்கி, ஆனா ஒரு மனுசன் இல்ல. கடையில வேல செய்யிற பொடியன் சொப்ட்வெயாருல போட்டு கிளீன் பண்ணியிரிக்கான், பழைய படத்துல தூசி, பூஞ்சணப் புள்ளி எண்டு நெனச்சி எல்லாத்தயும் துடைச்சிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு, "தம்பி அது தூசி இல்ல மனுசர்" எண்டு சத்தமா கேட்டுட்டன், கடையில நிண்ட ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. பாவம் பொடியன், முகம் சுண்டிட்டு. நானா பக்கத்துல வந்து லென்ஸ வச்சி மூலப் படத்தப் பாத்தார், ஒண்டும் கதைக்கல்ல, திரும்ப பிரிண்ட் போட்டு அடுத்த நாளே தந்தார், காசு எடுக்கல்ல. அப்ப ஒரு நாளையில செய்யலாம்தானே, ஏன் மூண்டு கிழமை எண்டு கேக்க நெனச்சன், கேக்கல்ல.

அதனால யாராவது அங்க போனா முதல்லயே சொல்லிடுங்க, கிளீன் பண்ண வேணாம், வெட்ட வேணாம், கலர் போட வேணாம், உள்ளத உள்ளபடி போடுங்க எண்டு. எழுதிக் குடுத்தா இன்னும் நல்லம்.

மத்த ஒம்பது படமும் அச்சொட்டு. கறுப்பு கறுப்பா விழுந்திரிக்கி, சாம்பல் சாம்பலா விழுந்திரிக்கி, முகம் எல்லாம் தெரியுது. கொஞ்சம் அந்தப் படங்களப் பத்தியும் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா பிரிண்ட் நல்லமா இல்லையா எண்டு அதுல என்ன தெரியுது எண்டத வச்சித்தானே சொல்லலாம்.

எங்கட சாப்பாட்டுக்கடைக்குள்ள வந்தோண்ண தெரியுறது பாலம். ஈட்ஸ் பாலம், 1874ல தொறந்தது. எங்கட கல்லடிப் பாலம் 1924. சரியா அம்பது வருசம் மூத்தது அது. இரும்பு நம்பின காலத்துல உருக்குல அவ்வளவு பெரிய பாலமா எண்டு சனம் பயந்திரிக்கி, அதுக்காக தொறக்கிறதுக்கு முதல் ஒரு யானைய நடக்க விட்டுக் காட்டியிரிக்காங்க, பலமில்லாத இடத்துல யானை கால் வைக்காது எண்டு நம்பிக்கை. இந்தக் கதைய நான் சொன்னா அம்பாறைப் பக்கத்து ஆக்கள் மட்டும் சிரிக்க மாட்டாங்க, "அது உண்மைதான், வைக்காது" எண்டு தலையாட்டுவாங்க. ஆத்துக்கு அடியில தூண் கட்டப் போன தொழிலாளிகள்ல ஒரு பதினைஞ்சு பேர் காத்தழுத்தம் மாறின வருத்தத்துல செத்திரிக்காங்க. பாலத்துக்கு கட்டின ஆள்ட பேர். கல்லடிப் பாலத்துக்கு ஆளுநர்ட மனுசி லேடி மானிங்ட பேர். கட்டினவன் பேர் வச்ச வரைக்கும் அவனுகள் நம்மள விடப் பரவால்ல.

அடுத்தது மூண்டு படம் ஒரே வரிசையில மாட்டியிரிக்கம், ஆத்தங்கரை. 1935ல ரூஸ்வெல்ட் ஜனாதிபதி இந்தக் கரைய நினைவிடமாக்க கையெழுத்துப் போட்டார், 1939 ஒக்டோபர்ல இடிக்கத் தொடங்கிட்டாங்க. கிட்டத்தட்ட 40 பிளாக். பழைய நீராவிக் கப்பல் காலத்துக் கிட்டங்கி, இரும்பு வார்ப்பு முகப்பு வச்ச கடை, தோல் யாவாரம், குடிக்கடை எல்லாம். 1834ல கட்டின மாதா கோயில் ஒண்ட மட்டும் விட்டுட்டு மத்தது தரைமட்டம். இடிச்சவன் சும்மா இடிக்கல்ல, அதுக்கு முதல் ஒவ்வொரு தெருவுக்கும் கமெரா போயிரிக்கி. நான் மாட்டியிரிக்கிறதுல ஒரு மூலைக்கடை, கண்ணாடியில எழுத்து, படியில ஒரு ஆள் குந்தியிரிக்கார், அவர் எங்கள பாக்கிறாரா இல்லையா எண்டு தெரியாது. இந்த ஒரு படத்துக்காகவே மேட் பேப்பர் சொன்ன நானாவுக்கு கும்பிடு, சுவரோரத்து இருட்டுல கூட செங்கல் ஒண்டொண்டா எண்ணலாம்.

இதுல எரிச்சல் என்னண்டா, இடிச்சிட்டு உடன ஒண்டும் கட்டல்ல. யுத்தம் வந்திட்டு, காசு இல்ல, கன வருசம் அந்த இடம் கார் நிப்பாட்டுற வெளி. பொறகு 1948ல போட்டி வச்சி சாரினென் எண்ட கட்டடக்கலைஞர் கீறின கேட்வே ஆர்ச் எண்ட பெரிய வளைவத் தெரிஞ்சி, 1963ல கட்டத் தொடங்கி 1965 ஒக்டோபர் 28 கடைசித் துண்ட வச்சாங்க. உயரமும் 630 அடி, அகலமும் 630 அடி. கீறின ஆள் 1961லயே மோசம்போயிட்டார், பாவம், பாக்கக் கிடைக்கல்ல. ரெண்டு காலும் மேல வந்து நடுவில இடைவெளி மட்டும் இரிக்கிற படம் எங்கட்ட இரிக்கி, வாற பொடியனுகள் எல்லாரும் அதுக்கு முன்னாலதான் செல்ஃபி. கடைசி நாள் வெயிலுக்கு ஒரு கால் நீண்டு, துண்டு பொருந்தாது எண்டு தீயணைப்புக்காரர் குழாயால தண்ணி அடிச்சி குளிர வச்சிரிக்காங்க. இத நானாட்ட சொன்ன உடன "எங்கட கதவு நிலை மாதிரித்தான், மழைக்கு ஒண்டு வெயிலுக்கு ஒண்டு" எண்டார்.

எனக்குப் பிடிச்சது 1916ல எடுத்தது. டெமோகிராட்டிக் கட்சி மாநாடு அந்த ஊர்ல நடந்தப்ப வாக்குரிமை கேட்ட பொம்பளைகள் வெள்ளை உடுப்பு, மஞ்சள் பட்டி, மஞ்சள் குடையோட மாநாட்டுக்குப் போற ரோட்டுட ரெண்டு பக்கமும் வரிசையா நிண்டிரிக்காங்க. சத்தம் இல்ல, கோஷம் இல்ல, ஊர்வலமும் இல்ல. போறவன் எல்லாரும் அவங்கட பார்வைக்கு நடுவால நடந்து போகத்தான் வேணும். படம் கறுப்பு வெள்ளைதான், மஞ்சள் தெரியாது, கலர் போட வேணாம் எண்டு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம், பொடியன் ரோஸ் கலர் போட்டாலும் போட்டிரிப்பான். அமெரிக்காவில பொம்பளைகளுக்கு 1920ல கிடைச்சிச்சி, எங்களுக்கு 1931ல. பதினோரு வருசம்தான் வித்தியாசம், அக்காட்ட இத அடிக்கடி சொல்லுவன்.

மாட்டாம விட்ட படமும் இரிக்கி. உரிமை பத்திரிகைகாரனிட்ட எண்டு அக்கா சொன்னதால பிரிண்ட் போடல்ல, போன்ல மட்டும் பாத்தது. 1939 நவம்பர் 28, மலிவான நிலக்கரிப் புகை ஊர மூடி பகல்ல தெரு லைட் எரியுது, கார் ஹெட்லைட் போட்டுட்டுப் போகுது. அந்தப் புகைய ஒழிக்கப் பாடுபட்டவர் ரேமண்ட் டக்கர் எண்ட எஞ்சினியர். நல்ல மனுசன் எண்டு நெனச்சன். மறுகா பாத்தா அதே ஆள்தான் மேயராகி மில் கிரீக் வெலி எண்ட பகுதிய இடிக்கிற வேலைய முன்னுக்கு நிண்டு நடத்தியிரிக்கார். 1959ல தொடங்கி கிட்டத்தட்ட 20,000 சனத்த எழுப்பியிரிக்காங்க, அனேகமா எல்லாரும் கறுப்பினத்து ஆக்கள், வீடு, கோயில், கடை ஒண்டும் மிச்சமில்ல. இடிச்ச வெளி அப்பிடியே கிடக்க சனம் அதுக்கு ஹிரோஷிமா பிளாட்ஸ், அதாவது ஹிரோஷிமா வெளி எண்டு பேர் வச்சிரிக்கி. இன்னொரு பக்கம் பதினொரு மாடியில 33 கட்டடம் கட்டி ஏழைச்சனத்தக் குடியேத்தி, இருபது வருசம் ஆக முதல் 1972ல அதையும் வெடி வச்சி இடிக்கத் தொடங்கினாங்க. 1950ல 8 இலட்சத்து 56 ஆயிரம் சனம் இரிந்த ஊர், 2020 கணக்குல 3 இலட்சத்து ஆயிரம். அழகாக்கிறம் எண்டு இடிச்சி இடிச்சி சனத்தயும் சேத்து இடிச்சிட்டாங்களோ எண்டு நான் அத்தானிட்ட கேட்டன். அவர் புறநகருக்குப் போன ரோடு, மூடின தொழிற்சாலை எண்டு நிறைய காரணம் சொன்னார். சரிதான். ஆனா படத்தப் பாத்தா எனக்கு முதல்ல தோணினது அதுதான்.

இதெல்லாம் பாத்துட்டுத்தான் வீட்டுல இரிந்த எங்கட படத்த எடுத்தன். அம்மப்பாவும் அம்மம்மாவும் கல்லடிப் பாலத்துல நிக்கிறது, சைக்கிள் ஒண்டும் நிக்கிது. இந்தப் படம் 78ம் ஆண்டு சூறாவளிக்கும் தப்பி, 2004ல சுனாமித் தண்ணிக்குள்ள ஒரு நாள் கிடந்து கண்ணாடியோட ஒட்டிட்டு. இழுத்துக் கழட்டப் பாத்த மாமா ஒரு மூலைய ஏற்கனவே பிச்சிட்டார். நான் பயந்து பயந்துதான் நானாட்ட குடுத்தன்.

அந்த மனுசன் தொடவே இல்ல. "ஒட்டின படத்த உரிச்சா முகம் கண்ணாடியோட போயிரும், கண்ணாடியோடயே எடுப்பம்" எண்டார். மேசையில வச்சி, ரெண்டு பக்கமும் சரிவா லைட் வச்சி, கமெராவுக்கு கறுப்புத் துணி கட்டி, கண்ணாடியில ஒண்டும் தெறிக்காம மேல இரிந்து எடுத்தார். அரை மணித்தியாலம் அதோட மினக்கெட்டார். அந்தப் பொடியன்தான் லைட் பிடிச்சான். எடுத்து முடிஞ்சி கம்பியூட்டர்ல பெரிசாக்கினப்ப பாலத்துட தூரத்துல ஒரு சின்னப் பொட்டு, பொடியன் என்னப் பாத்து, "அக்கா இது மனுசரா தூசியா?" எண்டு கேட்டான். நாங்க மூண்டு பேரும் திரையில மூக்கு முட்டப் பாத்தம். குடை பிடிச்ச ஒரு ஆள். விட்டுட்டம், அவர் நிக்கட்டும்.

இதுக்கு 2,500 எடுத்தார், பைலையும் தந்தார். தன்ட வாப்பாட காலத்து நெகட்டிவ் எல்லாம் சூறாவளியோட போயிட்டு எண்டு அண்டைக்குத்தான் சொன்னார், வேற ஒண்டும் சொல்லல்ல, கண்ணாடியத் துடைச்சிட்டு இரிந்தார். டவுன்ல எத்தனை வீட்டுல இப்பிடிப் படம் அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிக் கிடக்கோ. முனைத்தெருவ, பஸ் ஸ்டாண்ட, சந்தைய, உடைக்கிறதுக்கு முதல் யாரும் எங்களுக்கு கமெராவோட வந்து எடுத்து வைக்கல்ல. உங்கட கல்யாண அல்பத்துல மாப்பிள்ளைக்குப் பின்னால தெரியுற கடைதான் எங்கட காங்கிரஸ் நூலகம்.

போன ஞாயிறு ஒரு பென்சன்கார ஐயா டீ குடிக்க வந்தவர், பாலம் இரிக்கிற படத்துக்கு முன்னால நிண்டு இது எந்த ஆறு மகள் எண்டு கேட்டார். மிசிசிப்பி எண்டன். "அப்ப இந்தத் தண்ணி நியூ ஓர்லியன்ஸுக்குத்தான் போகும்" எண்டார். எப்பிடித் தெரியும் ஐயா எண்டா, அவர் மைக்கல் கொலிஜ்ல படிச்சவராம், அங்க படிப்பிச்ச வெபர் பாதர் நியூ ஓர்லியன்ஸ்ல இரிந்துதான் வந்தவர், பாஸ்கட்போல் சொல்லித்தரக்க ஆத்தப் பத்தியும் சொல்லுவாராம். வெபர் ஸ்டேடியம் வெபர் ஸ்டேடியம் எண்டு தினமும் சொல்றம், எனக்கு அந்தப் பேர் எந்த ஆத்தால வந்ததெண்டு அண்டைக்குத்தான் தெரியும். அவர்ட வீட்டுல பாதரோட டீம் நிக்கிற குறூப் போட்டோ ஒண்டு இரிக்காம், கொண்டு வாறன் எண்டிரிக்கார். வந்தா சுவர்ல ஒரு அமெரிக்காப் படத்தக் கழட்டிட்டு அத மாட்டுவம், எத கழட்டுறது எண்டுதான் தங்கச்சிக்கும் எனக்கும் சண்டை, யானைப் பாலத்த மட்டும் தொடக்கூடாது எண்டு சொல்லிட்டன்.

அஞ்சுக்கு நாலு. ஒண்டு குறைச்சது துடைச்ச மனுசருக்காக, பிந்தினதுக்கு இல்ல. போறதெண்டா காலையில போங்க, சில்லறையோட போங்க, கார்ட் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை 12 மணிக்குப் பொறகு போகாதீங்க, ஜும்மாவுக்கு சாத்தினா 3 மணிக்குத்தான் தொறப்பார்.